சிவரஞ்சனி செய்த தப்பு

எங்கள் நைனார்பாளையம் பஸ் நிறுத்தத்தில் போன ஆனி மாதம் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார்கள். பத்தடி அகலம், எட்டடி உயரம். நடுவில் என் படம், அத்தை மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எடுத்தது. என் தலைக்குப் பின்னால் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய சனிக்கிரகம். ‘வானில் புது நட்சத்திரம் கண்ட வீரமங்கை தேவிப்ரியா அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்’ என்று மேலே. கீழே ஊர்ப் பெரிய மனிதர்கள் பதினெட்டுப் பேரின் பாஸ்போர்ட் படங்கள். ஏற்பாடு என் அப்பா ராஜாங்கம்.

அந்த நட்சத்திரத்தை நான் காணவில்லை. கண்டவள் சிவரஞ்சனி. கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே, ஜீப் நின்றுவிடுகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வருகிற ஒரு சிற்றூர்க்காரி. கோபம் ஆறிய பிறகு அவளைப் பற்றி எழுதலாம் என்று ஒன்பது மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை. இருக்கிற கோபத்தோடே எழுதிவிடுகிறேன்.

அவளை முதலில் பார்த்தது கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஹாஸ்டலில், பி.எஸ்சி. முதல் வருடம். கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்தப் பெயரைச் சொன்னாலே எனக்கு நாக்கு கசக்கிறது. ஒரு தகரப்பெட்டி, ஒரு பை சாமை அரிசி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. நாங்கள் நாலைந்து பேர் கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

“உங்க மலை பாஷைல எதுனா பேசேன், கேக்கலாம்.”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். “நான் பேசறது தமிழு. உனுக்குப் புரியலன்னா காதுல கோளாறு. போயி டாக்டர பாரு” என்றாள். கூட இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் சிநேகிதம். சாமை அரிசியில் பாதியை நாங்களே தின்று தீர்த்தோம்.

அவள் அப்பா கருப்பண்ணன் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அவள் படித்தது மலையிலேயே இருக்கிற உண்டு உறைவிடப் பள்ளியில். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் இயற்பியல். அதற்குப் பிறகு அதே கல்லூரியில் நாங்கள் இரண்டு பேரும் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டோம். வழிகாட்டியும் ஒருவரேதான், பேராசிரியர் தீனதயாளன். நான் சேர்ந்ததற்குக் காரணம், கல்யாணத்தை மூன்று வருடமாவது தள்ளிப்போடலாம் என்பது. அவள் சேர்ந்ததற்குக் காரணம், அவளுக்கு அது வேண்டும்.

நட்சத்திர ஆராய்ச்சி என்றதும் ராத்திரி மொட்டைமாடி, தொலைநோக்கி என்று கற்பனை பண்ணாதீர்கள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை, ஃபேன் பாதி நாள் ஓடாத அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதுதான் ஆராய்ச்சி. சிலி நாட்டுப் பாலைவனத்தில் ரேடியோ தொலைநோக்கிகள் வரிசையாக இருக்கின்றன. அவை எடுத்த தரவுகளைக் கொஞ்ச காலம் கழித்து எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வேண்டியது கண்ணும் பொறுமையும். என்னிடம் இரண்டும் கம்மி.

அவள் எடுத்த தலைப்பு இதுதான். வானத்தில் குளிர்ந்த வாயுவும் தூசியும் கலந்த பெரிய மேகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓரிடம் தன் கனத்தாலேயே உள்ளே சரியும்போது நட்சத்திரம் உருவாக ஆரம்பிக்கிறது. சரிகிற வாயு நேராக விழாது, சுழன்றுகொண்டே விழும். கிட்டே போகப் போகச் சுழற்சி ஜாஸ்தியாகும். அந்தச் சுழற்சியை எங்கேயாவது கழித்தால்தான் வாயு நட்சத்திரத்தில் போய்ச் சேரும், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே கிடக்கும். அதனால் உள்ளே வருகிற வாயுவில் ஒரு பங்கை இளம் நட்சத்திரம் மேலும் கீழுமாக இரண்டு பக்கமும் வெளியே பீய்ச்சி அடிக்கிறது. நொடிக்குப் பத்து கிலோமீட்டர், ஐம்பது, சில சமயம் நூறுக்கும் மேல். பிறந்த புதிதில் அந்தப் பீய்ச்சல் ஒடுங்கி, நேராக, படுவேகமாக இருக்கும். வயது ஏற ஏற அகலமாகி வேகம் குறைந்து, சுற்றியிருக்கிற மேகத்தையே கலைத்துவிடும். மேகம் கலைந்தால் நட்சத்திரத்துக்குத் தீனி நின்றது, அதற்கு மேல் பருக்காது. ஆகவே பீய்ச்சலைப் பார்த்து நட்சத்திரம் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். “ஓஸ் பைப்பு வாயில வெரல வெச்சிப் பாரு, அதான்” என்று எனக்கு விளக்குவாள்.

ஒரு மேகத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. அகலமான பீய்ச்சல், நிதானமான வேகம், அப்படியொன்றும் குழந்தையில்லை. அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. தரவில் வாயுவின் ஒவ்வொரு வேகத்துக்கும் தனியாக ஒரு படம், அதைத்தான் துண்டு என்போம். சிவரஞ்சனி மட்டும், வெறும் இரைச்சல் என்று எல்லோரும் தள்ளிவிட்ட அதிவேகத் துண்டுகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நானூற்றுச் சொச்சம் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி. ஐந்தாவது மாதம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“தேவி, இங்க பாரு. இந்தப் பக்கம் ஒரு புள்ளி நம்மள பாத்து வருது. அந்தப் பக்கம் ஒரு புள்ளி நம்மள வுட்டுப் போவுது. ரெண்டத்தையும் கோடு போட்டு இழுத்தா பெரிய நட்சத்திரத்து மேல போவல. பக்கத்துல போவுது.”

“அதுக்கு இன்னா?”

“இன்னாவா? உள்ள இன்னொரு கொழந்த இருக்குதுடி! இப்பதான் பொறந்து பீச்சிக்கினு இருக்குது. அத்த யாரும் பாக்கல!”

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நானும் கூடச் சேர்ந்து குதித்தேன், பொய் சொல்லவில்லை. தை மாதம் கட்டுரையை எழுதி, மூன்று படங்களோடு தீனதயாளனுக்கு அனுப்பினாள். அடுத்த திங்கட்கிழமை, திருத்தியது என்று போட்டு இன்னொரு முறை அனுப்பினாள். “பாக்கறேம்மா” என்றார். மாசியிலும் பாக்கறேம்மா, பங்குனியிலும் பாக்கறேம்மா.

சித்திரையில் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். “ஒரு கையெழுத்து போடும்மா. டிபார்ட்மென்ட் வேல.” போட்டேன். படிக்கவில்லை. என் அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று. முனைவர் பட்டம் படிக்கிற நான் ஒரு பக்கத்தைப் படிக்கச் சோம்பல்பட்டேன்!

ஆனியில் தீனதயாளன் போன் செய்தார். “வாழ்த்துகள்மா. பேப்பர் வந்துடுச்சி. உன் பேருதான் முதல்ல.” என் அப்பா பக்கத்தில் இருந்தார். அந்த ஒரு வரிதான் அவர் காதில் விழுந்தது. மறுநாளே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்விட்டார்.

நான் கட்டுரையைத் திறந்தேன். சிவரஞ்சனியின் வரிகள், சிவரஞ்சனியின் படங்கள். ஆசிரியர்கள்: தேவிப்ரியா, தீனதயாளன். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் பொடி எழுத்தில், கணினி உதவிக்குச் செல்வி சிவரஞ்சனிக்கு நன்றி. சித்திரையில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது இதற்கான ஆசிரியர் ஒப்புதல் படிவம்.

அவள் அப்போது விதைப்புக்காக மலைக்குப் போயிருந்தாள். அவள் ஊரில் சிக்னல் கிடையாது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கரியாலூருக்கு பஸ் இருக்கிறது. ஏறியிருந்தால் அன்றைக்கு மத்தியானமே போய்ச் சொல்லியிருக்கலாம். நான் ஏறவில்லை. ‘சார் ஏதோ தெரியாமல் செய்திருப்பார், அவளே வந்து கேட்டுக்கொள்ளட்டும்’ என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். பேனரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கொடுத்த இனிப்பைச் சாப்பிட்டேன். பதினோரு நாள்.

பன்னிரண்டாவது நாள் அவள் வந்தாள். கட்டுரை அதற்குள் துறை வாட்ஸப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். கத்துவாள், அறைவாள் என்று நினைத்தேன். மூன்றாவது படத்தில் நின்றாள்.

“இது என் தப்பு” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “உன் தப்பு இன்னா இருக்குது இதுல?”

“அய்ய, நான் பண்ண தப்புடி. நானே பண்ணி நானே திருத்தன தப்பு. அந்தாளு திருத்தாதத எடுத்துப் போட்டு வெச்சிகினு இருக்கறான்.”

அது என்ன தப்பு என்று சொல்ல வேண்டும். மலைக்காரர்கள் உழுகிற காட்டுக்கு உரிமை கேட்டு விண்ணப்பம் போட்டபோது ஆளுக்கொரு நிலப்படம் வேண்டும் என்றார்கள். சிவரஞ்சனி அப்போது பத்தாம் வகுப்பு. கயிறு பிடித்து அளந்து, ஊரில் நாற்பத்து மூன்று குடும்பத்துக்கும் அவள்தான் வரைந்தாள். வடக்கு மேலே, கிழக்கு வலது பக்கம். கிழக்கை மறந்துபோய்ப் போடாத படத்தைத் திருப்பி அனுப்பினார்கள் என்று, ஒவ்வொரு படத்திலும் முதல் வேலையாக வலது ஓரத்தில் கிழக்கு என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை வரைவாளாம். கை அப்படியே பழகிவிட்டது. ஆனால் வானப் படத்தில் கிழக்கு இடது பக்கம். பூமியைக் குனிந்து பார்க்கிறோம், வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம், அதனால் மாறிவிடும். இவள் நட்சத்திரப் படத்திலும் பழக்க தோஷத்தில் வலது ஓரத்தில் கிழக்கு என்று எழுதி, குழந்தை நட்சத்திரம் பெரியதற்குக் கிழக்கே இருக்கிறது என்று கணக்கிட்டுவிட்டாள். உண்மையில் அது மேற்கே. அகச்சிவப்புக் கதிரில் எடுத்த பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தபோது, கிழக்கே ஒன்றுமில்லை, மேற்கே சரியாக அந்த இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி. உடனே தப்பு புரிந்து, திருத்தித் திங்கட்கிழமை அனுப்பினாள். தீனதயாளன் அந்த மின்னஞ்சலைத் திறந்தே பார்க்கவில்லை. போதாக்குறைக்குச் சொந்தமாக ஒரு வரி வேறு சேர்த்திருந்தார்: ‘கிழக்கே உள்ள இந்த நட்சத்திரம் அகச்சிவப்பிலும் தென்படாத அளவுக்கு மிக மிக இளையது.’ இல்லாத இடத்தில் தேடினால் எப்படி ஐயா தென்படும்? அச்சுக்கு முன் படித்துச் சரி சொன்னவர்களும் இதைக் கவனிக்கவில்லை. எந்த லட்சணத்தில் நடக்கிற இதழ் என்று இதற்கு மேல் நான் சொல்லவேண்டியதில்லை.

அவள் நேராக அவர் அறைக்குப் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

“சார், என் முடிவு உங்க பேருல வந்திருக்குது. இனிமே என் தீசிஸ்ல இத்த நான் எப்படி வெக்கறது? வேற யாரோ கண்டுபுடிச்சதுன்னு தள்ளிடுவாங்க. மாசியோட என் கெடு முடியுது சார்.”

“ஐடியா என்னுதுமா. நீ கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்த. அதுக்குத்தான் நன்றி போட்டிருக்கேனே, பாக்கலியா?”

“ஆறு வருசம் சார்.”

“மலையில இருந்து வந்து இவ்ளோ தூரம் படிச்சதே பெருசு. அவசரப்படாத. வேற தலைப்பு பாத்துக்கலாம்.”

மலையிலிருந்து வந்தாளாம்! இந்த மனிதர் ஆறு வருடத்தில் ஒரு துண்டைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அந்தத் தரவு என்ன வடிவத்தில் இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. சிவரஞ்சனி வெளியே வந்து, அன்று மாலைக்குள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். படங்கள், மின்னஞ்சல்கள், நோட்டு எல்லாவற்றுக்கும் நகல் வைத்து.

ஆவணியில் விசாரணை. மூன்று பேர் குழு. தலைவர் நாராயணசாமி, வேறு ஊர்க் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். விசாரணைக்கு முந்தின நாள் வீட்டில் என் அப்பா சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார்.

“நீ வாயத் தொறக்காத, சொல்லிட்டன். பேனரு வெச்சாச்சி. ஊருக்கே தெரிஞ்சி போச்சி. இப்ப போயி நீ ‘நான் இல்ல’ன்னு சொன்னா என் மூஞ்ச எங்க கொண்டுபோயி வெச்சிக்கறது?”

“மூஞ்சி உங்களுதுப்பா. நட்சத்திரம் அவளுது.”

“யாரோ ஒரு மலைக்காரிக்காக...”

“அவ அரிசியத் தின்னவ நான்!” என்று நானும் கத்தினேன். அம்மா குறுக்கே வராவிட்டால் அன்றைக்கு என் கன்னம் பழுத்திருக்கும்.

விசாரணையில் தீனதயாளன் வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தார். ஆய்வு முழுக்க என் வழிகாட்டுதலில் தேவிப்ரியா செய்தது, அந்தப் பெண் கணினி உதவி மட்டும் என்றார். நாராயணசாமி என்னைப் பார்த்தார்.

“இந்தப் படத்த எப்படிப் போட்டீங்கம்மா?”

“நான் போடல சார். இந்தக் கட்டுரைல ஒரு வரிகூட என்னுது இல்ல. படிக்காம கையெழுத்துப் போட்டேன்.”

தீனதயாளன் பார்வையாலேயே என்னை எரித்துவிடுவார் போலிருந்தது. உடனே பேச்சை மாற்றினார். “அப்படின்னா படம் நான் போட்டதுன்னு வெச்சிக்கோங்க. வழிகாட்டி நான்தானே.”

சிவரஞ்சனி எழுந்தாள். “சார், புது நட்சத்திரம் எந்தப் பக்கம் இருக்குது?”

“பெரிய நட்சத்திரத்துக்குக் கிழக்க. எழுதியிருக்கே.”

“இந்தப் படத்துல கிழக்கு எது சார்?”

“எது? வலது பக்கம். கண்ணு தெரியலியா? படத்துலயே போட்டிருக்கு பாரு.”

நாராயணசாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைக் கிட்டே இழுத்தார். “தீனதயாளன், வானப் படத்துல கிழக்கு இடது பக்கம் இல்ல வரும்?” என்றார். சிவரஞ்சனி அகச்சிவப்புப் படத்தை அவர் முன் வைத்தாள். மேற்கே அந்தப் புள்ளி. கட்டுரை சொன்ன இடத்தில் வெறும் இருட்டு.

தீனதயாளன் ஒரு படத்தையும் இன்னொரு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. பிறகு விரலை நீட்டினார், அவளைப் பார்த்து.

“இது அந்தப் பொண்ணு பண்ண தப்பு! படம் அவ போட்டது. அவ தப்பா எழுதிக் குடுத்தா நான் இன்னா பண்ண முடியும்?”

தான் சொன்னது அவர் காதுக்கே போய்ச் சேர சற்று நேரம் ஆனது.

“ஆமா சார். என் தப்புதான்” என்றாள் சிவரஞ்சனி.

நாராயணசாமி பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவரிடம், “படம் சிவரஞ்சனி போட்டதுன்னு எழுதிக்கோங்க. பேராசிரியரே சொல்லிட்டாரு” என்றார்.

இதோடு கல்லூரி அடங்கியது என்று நினைக்காதீர்கள். மறுநாள் நிர்வாகத்திலிருந்து அவளைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார்கள். படத்தைத் திருத்திவிடலாம், மூன்றாவது பெயராக உன்னையும் போட்டுவிடலாம், கல்லூரி மானம் காப்பாற்றப்படும் என்று. “நான் கண்டுபுடிச்சதுல எனுக்கு மூணாவது எடமா? உங்க மானத்துக்கு என் தலையில மொளகா அரைப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். இதழுக்குத் தானே எழுதினாள். நானும் எழுதினேன், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. ஐப்பசியில் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். தீனதயாளனுக்கு ஒரு கண்டிப்புக் கடிதம், அவ்வளவுதான். இன்றைக்கும் அதே அறை, அதே சுழல் நாற்காலி, அதே மடிப்புக் கலையாத சட்டை. எதிரே வந்தால் சிரிக்கிறார். வெட்கமாவது மண்ணாவது!

பேனரை நானே பட்டப்பகலில் அரிவாளோடு போய்க் கயிற்றை அறுத்து இறக்கினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அப்பா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சிவரஞ்சனி வேறு வழிகாட்டிக்கு மாறி, கட்டுரையை முதலிலிருந்து எழுதினாள். தையில் நல்ல இதழொன்று ஏற்றுக்கொண்டது. மாசியில், கெடுவுக்கு ஆறு நாள் முன்னால், ஆய்வேட்டைக் கொடுத்தாள். போன வாரம் அவள் அறைக்குப் போயிருந்தபோது அச்சான கட்டுரையை எடுத்துக் காட்டினாள். ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. மேற்கு, மேற்கு என்று எல்லா இடத்திலும் சரியாக இருந்தது. ஆசையாகக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினேன். தொலைநோக்கியை நடத்துகிறவர்களுக்கு நன்றி. புது வழிகாட்டிக்கு நன்றி. அப்பா கருப்பண்ணனுக்கு நன்றி. இரண்டு முறை படித்தேன். என் பெயர் இல்லை.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “ஏன் ரஞ்சனி, விசாரணையில உனுக்காகப் பேசனனே?”

அவள் கோபப்படவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். “பேசின. இல்லன்னு யாரு சொன்னா? அதுக்கு முன்ன பதினோரு நாளு வாய மூடிகினு இருந்தியே, அத்த எதுல போடறது?”

வீட்டுக்கு வந்து இதை எழுதினேன். அந்தப் பதினோரு நாளையும் இதில் போட்டிருக்கிறேன்.